நடுவரிசையில் ஓர் இடம்

இதை எனக்கு முதலில் சொன்னவன் என் இளைய மகன் சவரிநாதன். பட்டாளத்தில் சேர்ந்து முதல் லீவில் வந்திருந்தான். தவக்காலம் இரண்டாம் வாரம். கேட்டபடியே எழுதுகிறேன்.

அவனுடைய ரெஜிமெண்டில் தங்கமாரி என்று ஒரு சிப்பாய். ஒருநாள் காலை அணிவகுப்பு முடிந்ததும் உஸ்தாதிடம் போய் நின்றான். உஸ்தாத் என்றால் அங்கே டிரில் சொல்லிக்கொடுக்கிறவர். பெயர் வேதமாணிக்கம்.

“உஸ்தாத், அந்த இடத்துல யாரையும் நிறுத்தாதீங்க.”

எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை.

மூன்று வரிசையாக நிற்பார்கள். ஓர் ஆள் குறைந்தால் நடுவரிசையில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு நடப்பார்கள். பின்னால் வருகிறவன் நெருங்கிப் போய் அதை மூடக்கூடாது. முன்னால் ஆள் இருப்பது போலவே தூரம் விட்டுக் கால் வைக்க வேண்டும். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அதுதான் அங்கே வழக்கமாம்.

அது பரஞ்சோதி நின்ற இடம். அவனுக்கு நேர் பின்னால் தங்கமாரி. நான்கு வருஷம் அவன் பிடரியைப் பார்த்தே நடந்தவன்.

பரஞ்சோதி எல்லையில் பனிச்சரிவில் போய்விட்டான். உடம்புகூடக் கிடைக்கவில்லை. ஏழு மாதமாக அந்த இடம் காலியாகவே நடந்து வந்தது. திங்கட்கிழமை புதிய ஆள் வருகிறான்.

காலியாக இருந்தால் அவனே முன்னால் போவது போல இருக்கிறது என்றான் தங்கமாரி. இன்னொருத்தன் கழுத்தைப் பார்த்து நடக்க முடியாது, அப்படி நிறுத்துவதானால் என்னை வேறு கம்பெனிக்கு அனுப்பிவிடுங்கள் என்று ஒரு மனுவையும் நீட்டினான்.

உஸ்தாத் மனுவை வாங்கிக்கொண்டார். பிரிக்கவில்லை. அவனை வெறும் மைதானத்துக்குக் கூட்டிப்போனார்.

மைதானத்தின் ஓரத்தில், போரில் போனவர்களின் பெயர் வெட்டிய கல் ஒன்று உண்டு. இடம் போதாமல் பக்கத்தில் இன்னொரு கல் நட்டிருக்கிறார்களாம்.

“உன் இடத்துல போய் நில்லு.”

போய் நின்றான்.

“இது யார் இடம்?”

“என் இடம், உஸ்தாத்.”

“நீ வர்றதுக்கு முன்னாடி?”

தங்கமாரிக்குத் தெரியவில்லை. யாரும் சொன்னதில்லை.

“நான்தான் சொல்ல வேண்டாம்னேன். மரியதாஸ். என் ஜோடி. ஒன்பது வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்டோம்.”

ஆற்றைக் கடக்கும்போது போனான் என்றார். கொடிக்கம்பத்தில் கயிறு தட்டிக்கொண்டிருந்தது.

“நீ வந்த முதல் நாள் ஞாபகம் இருக்கா?”

தங்கமாரி சிரித்துவிட்டான். எப்படி மறப்பான்? அன்று காலை முழுக்க உஸ்தாத் அவனைத்தான் பிடித்துக்கொண்டார். தோளில் வாழைத்தாரா தொங்குகிறது, உங்கள் ஊரில் ஒருத்தனும் நேராக நிற்க மாட்டானா என்று. மூன்று தடவை வரிசையை விட்டே வெளியே போகச் சொன்னார். ஒரு மாதம்வரை கூட இருந்தவர்கள் அவனை வாழைத்தார் என்றே கூப்பிட்டார்கள்.

“கோணலா நின்னேன், உஸ்தாத். திட்டினீங்க.”

“நீ நேராத்தான் நின்னே.”

தங்கமாரியின் சிரிப்பு நின்றது.

அவர் கல்லின் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியே நின்று, மனுவை மேலே அனுப்பட்டுமா என்று கேட்டார்.

தங்கமாரி முன்னால் இருந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வர்றவன் பேரு என்ன, உஸ்தாத்?”

அவ்வளவுதான் என் மகன் சொன்னது.

நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி. இன்றைக்கு விளக்கு வைக்கும்போது பரஞ்சோதி, மரியதாஸ் என்ற இரண்டு பெயரையும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.