கணப்புக்கு மேல் ஒரு பலகை

பனிமுடிக் கோட்டை அரசர் வீரகேசரிக்கு உடம்பெல்லாம் குளிர், மனசெல்லாம் பக்தி. தாத்தா கட்டிய கல் கணப்பில் குளிர்காய்ந்தபடியே அப்பாவின் பாதுகையைக் கும்பிட வேண்டுமாம். கணப்புக்கு மேலே தேக்குப் பலகை ஒன்று பொருத்தச் சொன்னார்.

மந்திரி நல்லதம்பி குறுக்கே விழுந்தார். "தாத்தா கட்டிய சுவரில் உளி படலாமா? குலத்துக்கு ஆகாது அரசே. பலகைக்குத் தரையில் காலும் ஊன்றக் கூடாது. அழகு கெட்டுவிடும்."

அரசர் பயந்தாங்கொள்ளி. "அப்படியே ஆகட்டும். பொழுது சாய்வதற்குள் தச்சர் பொன்னாசாரி முடிக்கட்டும். முடியாவிட்டால் குடும்பத்தோடு கோட்டையை விட்டு இறங்கட்டும்" என்றார். ஆசாரி வேலையில் தன் மருமகனை உட்காரவைக்க வேண்டும், மந்திரியின் கணக்கு அதுதான்.

பொன்னாசாரி கண்ணீரோடு விகடகவி சடையப்பனிடம் ஓடினார்.

"அழாதீர் ஆசாரி. பலகையையும் உளியையும் எடுத்து வாரும்" என்றான் சடையப்பன்.

சாயங்காலம் வேடிக்கை பார்க்க மந்திரி வந்தார். கணப்பு கணகணவென்று எரிந்தது.

"நல்ல வேளை வந்தீர்கள்! உயரம் பார்க்கத் தங்களை விட்டால் யார்? இந்தப் பலகையை இப்படிச் சற்றே தூக்கிப் பிடியுங்கள். இன்னும் மேலே. ஆகா!" என்றான் சடையப்பன்.

மந்திரி பெருமையோடு பிடித்தார். அந்த நேரம் சங்கு ஊதியது. பாதுகையைத் தலையில் சுமந்து, வழக்கப்படி தரையையே பார்த்தபடி அரசர் வந்தார். பலகைமேல் வைத்துக் கும்பிட்டார். நிமிர்ந்தார்.

"நல்லதம்பி! இங்கே என்ன செய்கிறீர்?"

சடையப்பன் முந்திக்கொண்டான். "பலகை பொருத்தியாகிவிட்டது அரசே. சுவரில் உளி படவில்லை, தரையில் பலகைக்குக் கால் இல்லை. வைத்த பாதுகையைப் பௌர்ணமிவரை அசைக்கக் கூடாது என்பது தங்கள் குல வழக்கம். மந்திரியார் குல வழக்கத்தில் ரொம்பக் கண்டிப்பானவர்."

மந்திரியின் தொப்பை வெந்துகொண்டிருந்தது. பலகையைக் கீழே போட்டால் தலை போய்விடும்.

"ஆசாரி! உளியை எடுப்பா!" என்று அலறினார். "சுவரில் எத்தனை துளை வேண்டுமோ போடு! தாத்தாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்!"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் சால்வையைக் கழற்றிப் பொன்னாசாரிக்குப் போர்த்தி, "இனி அரண்மனை ஆசாரி என்றைக்கும் நீர்தான். துளை போடும்" என்றார்.

ஆசாரி பரபரவென்று உளியை எடுத்தார். சடையப்பன் அவர் கையைப் பிடித்தான்.

"நிதானமாகச் செய்யும் ஆசாரி. பௌர்ணமிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது."