காற்றுப்பை பிடித்த தில்லைக்கண்ணு

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் சிலிண்டர்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி வார்டு வார்டாகக் கொண்டுபோய் மாட்டுவதுதான் தில்லைக்கண்ணு அடியாரின் பிழைப்பு. ஒவ்வொன்றின் வாயைத் திருகும்போதும் "சிவாய நம" என்பார். மாலையில் குளித்துவிட்டுக் காற்றீசர் கோயிலுக்கு ஓடுவார். ஜன்னல் இல்லாத கருவறையில் சாமிக்குப் புழுங்குமே என்று, பூசை முடியும்வரை வாசலில் நின்று மயில்விசிறி வீசுவார். தீட்டு நாள் தவிர ஒருநாளும் அந்தத் தொண்டு தவறியதில்லை.

அவர் மனைவி அஞ்சலை அதே ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திண்டாடி இறந்துபோனார். தீட்டுக் கழிந்த மறுநாளே விசிறியோடு நின்றவரைத் தர்மகர்த்தா வேலாயுதம் வாய் கூசாமல் கேட்டார்: "சாமிக்கு இத்தனை வருஷம் காத்து வீசினியே, உன் பொஞ்சாதிக்கு ஒரு மூச்சு குடுத்தாரா?"

படுபாவி! கேட்கிற கேள்வியா அது?

அடியார் வீசுவதை நிறுத்தவில்லை. "கேக்கறதுக்கா வர்றேன்? வீசறதுக்கு வர்றேங்க" என்றார்.

ஒருநாள் பிற்பகல், சாலையோரம் கிடந்த ஊர்பேர் தெரியாத ஒருத்தியைக் கொண்டுவந்து போட்டார்கள். மணிக்கட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "ரத்தத்துல கெட்ட காத்து தேங்கிப்போச்சு" என்று உதட்டைப் பிதுக்கினார். தொண்டையில் குழாய் இறக்கியாயிற்று. மூச்சு இயந்திரம் எதுவும் காலியில்லை. நர்ஸ் ரெஜினா, குழாயில் மாட்டிய காற்றுப்பையை அடியார் கையில் திணித்தார்.

"அமுக்குங்க, விடுங்க, கொஞ்சம் பொறுங்க, மறுபடி அமுக்குங்க. அவசரப்பட்டா நெஞ்சு தாங்காது. நிறுத்தினா ஆள் போயிடும், அண்ணே."

அமுக்கினார், விட்டார், பொறுத்தார். விரல்கள் மரத்துப்போயின. கோயில் மணி கேட்டது. ஐயோ, அந்த மனம் பட்ட பாடு! கைமாற்ற ஆளில்லை. "சாமி, இன்னிக்கு உன்னைப் புழுங்க விட்டுட்டேனே" என்று கண்ணீர் வடித்தாரே தவிர, பையை விடவில்லை.

தீபாராதனை மணி ஓயும்போது அவளுடைய நாடியும் அடங்கிவிட்டது. பையைப் பிடித்த விரல்களை நர்ஸ்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

தலைமுழுகிவிட்டு, மன்னிப்புக் கேட்கத் தள்ளாடிப் போனார் அடியார். வேலாயுதம் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். குருக்கள் ஓடிவந்து, என்றும் தொடாத அந்தக் கைகளைப் பற்றிக்கொண்டார். விசிறி ஆணியிலேயே தொங்கியது.

"யாரும் வீசலை, தில்லைக்கண்ணு. ஆனா உள்ளே சாமி விளக்கு சாஞ்சுது, நிமிந்துது, கொஞ்சம் பொறுத்துது, மறுபடி சாஞ்சுது. பூசை முழுக்க அப்படியே. தீபாராதனை ஆனதும் அந்த ஆட்டம் நின்னுடுத்து."

அடியார் தம் கைகளைப் பார்த்தார், வாய்விட்டு அழுதார்.

பிழைக்காத ஒருத்திக்குக் கொடுத்த மூச்சையும் ஈசர் தம்மேல் வாங்கிக்கொண்டார். மரத்துப்போன அந்த விரல்களுக்கு நம் தலை தாழட்டும்.