துரையின் வண்டிமாடுகள்

பக்கத்து ஊரில் மாட்டுக்கு வாயில் புண் வரும் கோமாரி நோய் என்று, ஏர் பூட்டுகிற நேரம் பார்த்து வந்து இறங்கினார் மாட்டு இன்ஸ்பெக்டர் துரை. ஒரு மாட்டின் வாயைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. குடைக்கடியில் உட்கார்ந்தபடியே, "இந்த ஊரில் நிற்கிற மாடெல்லாம் இருபது நாள் பட்டிக்குள்ளேயே கிடக்கவேண்டும். மீறினால் சுடுவேன்" என்றார்.

ஊர் மாடு மேய்க்கும் இருளாயி மாடுகளைப் பட்டிக்குள் ஓட்டினாள். துரை கிளம்ப எழுந்தபோது அவருடைய வண்டிமாடுகளைக் காணோம். இரண்டும் பட்டிக்குள் நின்றன.

"உங்க உத்தரவுதான், துரை. இதுகளும் இந்த ஊர்லதானே நிக்குது? எங்க தொட்டியிலதானே தண்ணி குடிச்சுது?" என்றாள் இருளாயி.

"என் மாட்டுக்கு நோயில்லை! காலையில்தான் வாயைத் திறந்து பார்த்தேன்!"

"அப்படின்னா குடையை மடக்கிட்டு உள்ள வாங்க, துரை. எங்க மாட்டுக்கும் வாய் இருக்கு."