நூலாயி தைத்த யானைப் பாவாடை

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு காடு இருந்தது, குழந்தைகளே. அந்தக் காட்டில் நூலாயி என்று ஒரு தையல்சிட்டு வாழ்ந்தது. சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். ஆனால் அதன் நடையைப் பார்க்க வேண்டுமே! காட்டிலேயே சிறந்த தையற்காரி தான்தான் என்று அதற்குத் தெரியும். அதை மறைக்கும் வழக்கமும் அதற்கு இல்லை. ஏன் மறைக்க வேண்டும்? உண்மைதானே!

ஆற்றில் புதுவெள்ளம் வந்ததும் அந்தக் காட்டில் ஒரு விழா நடக்கும். அந்த ஆண்டு பிறந்த யானைக்குட்டி புதுப் பாவாடை கட்டிக்கொண்டு ஊர்வலமாக ஆற்றுக்குப் போகும். மணலில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடிவிட்டுத் தண்ணீரில் கால் வைக்கும். எல்லாம் பொழுது சாய்வதற்குள் முடிய வேண்டும். தவறினால் அந்தக் குட்டிக்கு விழாவே கிடையாது. அடுத்த ஆண்டு வேறொரு குட்டியின் முறை வந்துவிடும்.

அந்த ஆண்டுக் குட்டியின் பெயர் பூமுகி. அதன் பாவாடைக்காகச் சிலந்திகள் எல்லாம் கூடி மழைக்காலம் முழுவதும் ஒரே ஒரு துணி நெய்திருந்தன. இன்னொரு முழம் கேட்டால் கிடைக்காது.

விழா நாளன்று காலையில் ஆலமரத்தடியில் வேலை தொடங்கியது. சுற்றிலும் ஒரே கூட்டம். நூலாயி ஒரு வேப்பங்குச்சியை அளவாக நறுக்கி வைத்திருந்தது. துணியின் மேல் குச்சியை வைக்கும், அந்த அளவுக்குத் துணியை உள்ளே தள்ளி மடிக்கும், மேலே ஒரு முள்ளைக் குத்தும். மறுபடியும் குச்சி, மடிப்பு, முள். பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. ஆனால் மடிப்புகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல வந்துகொண்டிருந்தன.

கூட்டத்தில் மயிலும் நின்றது. பிறரை நாலு பேர் பார்த்தால் அதற்குத் தாங்காது. மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை ஆரம்பித்தது.

"நான் தினமும் தோகையை விரிக்கிறேன், மடக்குகிறேன். எந்தக் குச்சியை வைத்து அளந்தேன்? கெட்டிக்காரி என்கிறார்களே என்று பார்க்க வந்தேன். குச்சி இல்லாவிட்டால் உனக்குக் கை ஓடாது போலிருக்கிறதே, நூலாயி!"

நாலைந்து குரங்குகள் கெக்கெக்கே என்று சிரித்தன. அவ்வளவுதான், நம் நூலாயிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. குச்சியைத் தூக்கி அப்பால் எறிந்தது.

அதற்குப் பிறகு அது என்ன செய்தது தெரியுமா? முந்தைய மடிப்பைப் பார்த்து அடுத்ததை மடித்தது. அதைப் பார்த்து அதற்கடுத்தது. அலகு பறந்தது, முள் பறந்தது! கூட்டம் ஆவென்று வாயைப் பிளந்து பார்த்தது. வெளியே தெரியும் அகலம் எல்லா மடிப்பிலும் ஒன்றாகவே இருந்தது. உள்ளே ஒளிந்திருந்த துணியோ ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு மயிரிழை கூடிக்கொண்டே போயிற்று. அதை யார் பார்த்தார்கள்?

கடைசி முள்ளைக் குத்திவிட்டு நூலாயி பாவாடையைக் குட்டியின் இடுப்பில் சுற்றிப் பார்த்தது. துணி தீர்ந்துவிட்டது. இடுப்பு தீரவில்லை. இரண்டு ஓரமும் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் ஒரு தாமரை இலை அகலத்துக்கு இடைவெளி தெரிந்தது.

பூமுகி திரும்பித் திரும்பிப் பார்த்தது. அதன் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

தாய் யானை நல்லவள். கொஞ்சம் கொடியும் இலையும் சுற்றி மறைத்துவிடலாம் என்றாள். குரங்குகள், அந்தப் பக்கத்தைக் காட்டைப் பார்க்கத் திருப்பிக்கொண்டு நடந்தால் போயிற்று என்றன. மயில் மட்டும் கழுத்தை நீட்டி அந்த இடைவெளியை ரசித்தது. அதற்குத்தான் உள்ளூரக் குளிர்ந்து போயிற்றே!

நூலாயி ஒரு மடிப்பை அலகால் தூக்கி உள்ளே பார்த்தது. பிறகு தொடக்கத்தில் குச்சி வைத்து மடித்த ஒரு மடிப்பைத் தூக்கிப் பார்த்தது. அதற்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் தலையைக் குனியவில்லை.

"கொடியும் வேண்டாம், இலையும் வேண்டாம், யானையம்மா. இது என் கை வேலை. கோணல் என்று எனக்குத் தெரிந்த பிறகு இதை ஊர்வலத்தில் விடமாட்டேன். பிரிக்கிறேன்" என்றது.

எல்லோர் கண் முன்னாலும், ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கிப் போட்டது. தொடக்கத்தில் சரியாக வந்த மடிப்புகளை மட்டும் விட்டுவைத்தது. பொழுது உச்சியைத் தாண்டிவிட்டது. தாய் யானை அடிக்கடி அண்ணாந்து சூரியனைப் பார்த்தாள்.

இப்போது குச்சி வேண்டுமே! தேடினார்கள். புதருக்குப் பின்னால் கரடி மாமா சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். கீழே கிடந்த வேப்பங்குச்சியை எடுத்து நன்றாக மென்று பல் துலக்கிக்கொண்டிருந்தார், பாவம். பாதிக் குச்சி தூரிகையாகிவிட்டது.

வேறு குச்சி தேடி ஆளுக்கொரு பக்கம் ஓடப் பார்த்தார்கள். நூலாயி மயிலைப் பார்த்தது. நூலாயியின் கண்ணில் ஒரு குறும்பு மின்னிற்று.

"மயிலண்ணா, உன் தோகையில் நேரான இறகு ஒன்று கொடு. அது இருந்தால்தான் இந்தப் பாவாடை நிமிரும்."

இப்படிக் கேட்டால் மயில் மாட்டேன் என்று சொல்லுமா? கூட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தது. இருப்பதிலேயே அழகான இறகைத் தேடிப் பிடுங்கி நீட்டியது. நூலாயி அதை வாங்கி, விட்டுவைத்த மடிப்பு ஒன்றில் நுழைத்து அளவு பார்த்து, நறுக்கென்று கத்தரித்தது. பச்சையும் நீலமுமாக இருந்த இறகின் கண், மண்ணில் விழுந்தது. நூலாயி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெறும் தண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"ஐயோ, என் இறகு!" என்றது மயில்.

"அளக்கத் தண்டு போதும், அண்ணா" என்றது நூலாயி.

மறுபடியும் அளவு, மடிப்பு, முள். இந்த முறை கூட்டம் என்ன பேசியது, யார் சிரித்தார்கள் என்று எதுவும் அதன் காதில் ஏறவில்லை. பூமுகி காலைக்கூட மாற்றாமல் நின்றது. வெயில் மரங்களுக்கு நடுவில் இறங்கிக்கொண்டிருந்தபோது கடைசி மடிப்பு விழுந்தது. ஓரமும் ஓரமும் வந்து தொட்டுக்கொண்டன. நூலாயி முள்ளையெல்லாம் எடுத்துவிட்டு நார் கொண்டு தைத்து முடிச்சுப் போட்டது.

பிறகென்ன, ஓட்டமும் நடையுமாக ஊர்வலம் கிளம்பியது. ஆற்று மணலில் பூமுகி ஒரு சுற்றுச் சுற்றியது. மடிப்புகள் எல்லாம் ஒன்றாக விரிந்தன. குட்டி நின்றதும் ஒன்றாக மூடிக்கொண்டன. எங்கும் ஒரு இழுப்பு இல்லை, ஒரு தொய்வு இல்லை. சூரியன் தண்ணீரைத் தொடுவதற்குள் பூமுகி ஆற்றில் கால் வைத்தது. தாய் யானை துதிக்கையை உயர்த்தி அந்தக் காடே அதிரும்படி பிளிறினாள்.

அளந்தது தன் இறகுதான் என்று மயில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தது. குரங்கு ஒன்று நூலாயியிடம் வந்து, அத்தனை பேர் முன்னால் பிரித்தாயே, கூச்சமாக இல்லையா என்று கேட்டது.

நூலாயி கரையில் நின்ற பூமுகியின் பாவாடையைக் காட்டியது.

"அதைப் பார். நான் தைத்தது" என்றது. இறகுத் தண்டைப் பத்திரமாக அலகில் கவ்விக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திப் பறந்து போயிற்று.

நீதி: தன் வேலையில் பெருமை உள்ளவர், பிழையை மறைக்கமாட்டார், பிரித்துச் சரிசெய்வார்.