ஊரறிய ஓர் அடக்கம்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்திலேயே அங்காயிக்குப் பாதி உயிர் போய்விட்டது. நந்தவனத்திலிருந்து கொலுமண்டபம் வரை மூன்று இங்கிலீஷ் வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டே ஓடினாள். கொயட், மாடஸ்ட், சட்டில். கொயட், மாடஸ்ட், சட்டில். வழியில் ஒரு படி தடுக்கியது. அவ்வளவுதான்.

மேளக்குறிச்சி ஜமீன்தார் வீரகஜேந்திர ராஜா ஆசனத்தின் நுனிக்கு வந்துவிட்டார்.

"கலெக்டர் துரைசானி என்ன சொன்னாள்? பெண்கள் நந்தவனம், ஆண்கள் யாரும் உள்ளே வரவில்லை. நீதானே பக்கத்தில் நின்று கவரி வீசினாய்? சொல்லு, சொல்லு!"

"கொய்யா, மாடு, சட்டி என்றார்கள், மகாராஜா."

சபை விழித்தது. ராஜா விழிக்கவில்லை.

"அவ்வளவுதானே? கொய்யா வண்டியில் போகட்டும். மாடு நல்ல கறவையாகப் பாருங்கள். சட்டியை வெள்ளியில் அடியுங்கள்!"

துபாஷி அப்பாவு தொண்டையைச் செருமினான். வெள்ளைக்காரர் பேச்சை ராஜாவுக்குப் பெயர்த்துச் சொல்வது அவன் உத்தியோகம். அதில் ஒரு கவரி வீசுகிறவள் கை வைத்தது அவனுக்குப் பொறுக்கவில்லை.

"மகாராஜா, அது கொயட், மாடஸ்ட், சட்டில். கொயட் என்றால் சத்தமில்லாதது. சட்டில் என்றால் கண்ணை உறுத்தாதது. மாடஸ்ட் என்றால் அடக்கம்."

"அட! நம்மையா அப்படிச் சொன்னாள்?"

"நல்லூற்று ஜமீன்தாரை, மகாராஜா," என்றாள் அங்காயி. "நம் பேச்சு வந்தபோது காதைப் பொத்திக்கொண்டார்கள்."

பொத்தாமல் என்ன செய்வாள்? ராஜா குளிக்கப் போனால் இரட்டை நாகசுரம். சாப்பிட உட்கார்ந்தால் எக்காளம். தும்மினால் பீரங்கி.

ராஜாவின் மீசை துடித்தது.

"அந்த நோஞ்சானுக்கு அடக்கமா? அவனைவிட இரண்டு மடங்கு அடக்கம் எனக்கு வேண்டும்! நாளைக் காலை துரைசானி மறுபடி வருகிறாள். என் அடக்கத்தை ஊரே திரண்டு வந்து பார்க்க வேண்டும். அந்த வார்த்தை அவள் வாயாலேயே எனக்கு வர வேண்டும்!"

துபாஷி பணிவாகக் குனிந்தான். "ஏற்பாட்டை இந்த அம்மாளிடமே விடுங்கள், மகாராஜா. வார்த்தையைக் கெடுத்தவளே சரி செய்யட்டும்."

"அதுவும் சரிதான். அங்காயி, நடந்தால் கேட்டது கிடைக்கும். நடக்காவிட்டால் உன் நாக்கு உனக்கில்லை."

அங்காயி கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஊரைக் கூட்டினால் அது அடக்கம் இல்லை. கூட்டாவிட்டால் நாக்கு இல்லை. அடக்கம், அடக்கம் என்று அந்தச் சொல்லையே மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். புரட்டினால் அடியில் இன்னோர் அர்த்தம் படுத்துக் கிடந்தது.

"மறுபடியும் தப்பு வந்துவிடக் கூடாது, மகாராஜா. சபைக்கு முன்னாலேயே எல்லாம் கேட்டுக்கொள்கிறேன். தமுக்கு அடித்துச் சொல்லலாமா?"

"எல்லாப் பட்டிக்கும் சொல்!"

"கொட்டு?"

"நாகசுரம்தான் தினமும் கேட்கிறோமே. தப்பட்டை வரட்டும்!"

"மாலை?"

"மலை மலையாக!"

"பூப்பல்லக்கு?"

"இல்லாமலா? நான் தாராளமாகக் காலை நீட்டிப் படுக்கிற மாதிரி!"

"சொந்தபந்தம்?"

"ஒருவர் விடாமல்!"

"தாங்கள் ஏதாவது பேசுவீர்களா?"

"மூச்! கொயட் அல்லவா?"

அங்காயி துபாஷி பக்கம் திரும்பினாள். "ஐயா, மாடஸ்டுக்கு அடக்கம்தானே? வேறு வார்த்தை இல்லையே?"

"அடக்கம்தானம்மா! எனக்கே பாடமா?"

சாயங்காலம் தமுக்கு முழங்கியது. "நாளைக் காலை அரண்மனை வாசலில் நம் மகாராஜாவுக்கு அடக்கம்! சகல ஜனங்களும் வந்து சேருங்கள்!"

மேல்மாடத்தில் நின்று கேட்ட ராஜா தொடையைத் தட்டினார். "ஆஹா! என்ன கம்பீரமாகச் சொல்கிறான்!"

விடிந்தது. ராஜா உச்சி முதல் உள்ளங்கால் வரை வைரம் பூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

தெருவில் எள் விழ இடமில்லை. பெண்கள் தலைவிரி கோலமாக மாரடித்து அழுதார்கள். "எங்களை விட்டுட்டுப் போயிட்டீகளே ராசா!" தப்பட்டை காதைப் பிளந்தது. எங்கோ சங்கு ஊதினார்கள். பூப்பல்லக்கும் வந்தது. பச்சை மூங்கிலில் கட்டியது. தூக்க நாலு பேர்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் ராஜாவை உற்றுப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நிற்கவே வைத்துவிட்டார்களே! உயிரோடு இருக்கிற மாதிரியே இருக்கிறதப்பா!"

ராஜா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மகாராணியின் அண்ணன் விம்மிக்கொண்டே வந்து, கொண்டுவந்த கோடித் துணியை அவர் மேல் போர்த்தினார். வைரமெல்லாம் வெள்ளைத் துணிக்குள் மறைந்தது.

அந்த நேரம் பார்த்துத் துரைசானியின் சாரட்டு வந்து நின்றது. அவள் கீழே இறங்கிப் பார்த்தாள். ஊரே உருகி அழுகிறது. நடுவில் ஒற்றை வெள்ளைத் துணியோடு ராஜா, தலை குனிந்து, ஒரு சொல் பேசாமல்.

"ஓ! சோ கொயட்!" என்று நெஞ்சில் கை வைத்தாள். "சோ மாடஸ்ட்!"

அவள் சாரட்டு தெருமுனை திரும்பியதும்தான் ராஜாவுக்குக் குரல் வந்தது.

"என்னடி இது?"

"அடக்கம், மகாராஜா," என்றாள் அங்காயி. நாக்கு நடுங்கவில்லை. "நல்லூற்றார் மாதிரி அடங்கியிருந்தால் வெளியே தெரியாது. ஊரே திரண்டு வந்து பார்க்கிற அடக்கம் மனுஷனுக்கு இது ஒன்றுதான்."

"மோசம் பண்ணிவிட்டாள், மகாராஜா!" என்று துபாஷி குதித்தான்.

"வார்த்தை நீ கொடுத்ததுதானய்யா!" என்றார் ராஜா. சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், பிணம் சிரிக்கிறது என்று முன்வரிசை அலறிக்கொண்டு ஓடியது.

"அங்காயி, கேள்! துபாஷி உத்தியோகத்தையே உனக்குத் தரட்டுமா? அடுத்த மாதம் கவர்னர் சம்சாரம் வருகிறாளாம். அவள் இன்னும் பெரிய பெரிய வார்த்தையாகச் சொல்வாளாம்!"

அங்காயி படாரென்று காலில் விழுந்தாள். "உத்தியோகம் வேண்டாம், மகாராஜா. ஒரே ஓர் உத்தரவு போதும். இன்று முதல் எனக்குக் காது கேட்காது என்று அறிவித்துவிடுங்கள்."

"அப்படியே ஆகட்டும்! சபாஷ், அங்காயி!" என்றார் ராஜா.

அவள் எழுந்து கவரி வீச ஆரம்பித்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.