ஆடாத ஸ்டூலும் ஆவுடையப்பன் அண்ணாச்சியும்

ரேஷன் கடையில கைரேகை மிஷினு வேல செய்யல. சர்வர் எப்ப வரும்னு கடைக்காரருக்கே தெரியாது. வரிசையில எனக்கு முன்னாடி நிக்கவரு ஆவுடையப்பன் அண்ணாச்சி. மரக்கடையில மரம் அளக்குத வேல. அவரு வாயத் தொறக்க இதவிடத் தோதான நேரம் கெடையாது.

"எங்க அக்கா மவ பகவதி இருக்காள்லா, பத்தாவது முடிச்சவ? ஐ.டி.ஐ.ல தச்சு வேல படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கா. அவ அப்பா, எங்க அத்தான் சங்கரபாண்டியன், மசியல. 'நீயே ஒங்கையால ஒரு ஸ்டூலு செஞ்சு காட்டு, வேற யாரும் தொடக் கூடாது, அது ஆடாம நின்னா ஃபாரத்துல கையெழுத்து'ன்னுட்டாரு. திங்கக்கெழம கடைசி நாளு. புள்ள பொறந்ததுலேருந்து உளியத் தொட்டதில்ல. எங்கிட்ட வந்து அழுதா. தாய்மாமன் நான், சும்மா இருப்பனா?"

எனக்குப் பின்னாடி நின்ன லூர்து டீச்சர், "யாரும் தொடக் கூடாதுன்னுல்லா சொல்லிருக்காரு?"ன்னாவ.

"நான் எங்க தொட்டேன்? பேசுனேன், அவ்வளவுதான்."

"பகவதிக்கிட்டயா?"

"மரத்துக்கிட்ட. பூவரசு பலகைய மூணு தட்டு தட்டுனேன். எந்த ஊரு, எத்தன வயசு, எந்தப் பக்கம் வெயிலு பட்டுச்சு, எல்லாத்தையும் அதுவே சொல்லிட்டு. விரலால தட்டுறது தொடுறதுல சேராது, டீச்சர்."

மிஷினு இன்னும் வேல செய்யல.

"புள்ளைக்கு இழைப்புளி புடிக்கத் தெரியல. வெட்டி வெட்டி இழுக்கு. 'ஏட்டி, ரேகை போற பக்கமாத் தள்ளு'ன்னேன். ஒரே தள்ளு! சீவலு அறுபடாம வந்துகிட்டே இருக்கு. வாசலத் தாண்டிட்டு, தெருவத் தாண்டிட்டு, ரயில்வே கேட்டையும் தாண்டிட்டு. செங்கோட்டை ரயில அரை மணி நேரம் நிப்பாட்டிட்டாவ."

"எதுக்கு?"

"சீவலு அறுந்துரக் கூடாதுல்லா. டிரைவரு ரசிச்சுப் பாத்துகிட்டு நின்னாரு. பெறவு பூக்காரம்மா அதச் சுருட்டி எடுத்துட்டுப் போயி நாருக்குப் பதிலா அதுலதான் இன்னும் பூ கட்டிக்கிட்டு இருக்கா."

இந்த நேரத்துல ஒருத்தரு எண்ணெய்க் கேனோட வந்து வரிசைக் கடைசியில நின்னாரு. பாத்தா சங்கரபாண்டியன். ஆவுடையப்பன் அண்ணாச்சி கடையப் பாத்து நின்னதால அவருக்குத் தெரியல. டீச்சர் பாத்தாவ, நானும் பாத்தேன். கத நல்லாப் போய்க்கிட்டு இருந்துச்சு, அதனால ரெண்டு பேரும் வாயத் தொறக்கல.

"நாலு காலையும் மாட்டி நிறுத்துனா, ஆடுது. ஒரு காலக் கொஞ்சம் அறுத்தோம். ஆடுது. அடுத்த கால அறுத்தோம். அப்பவும் ஆடுது. எனக்குக் கோவம் வந்துட்டு. ரசமட்டத்த வச்சுப் பாத்தேன். ஸ்டூலு கரெக்டா இருக்கு. ஊருதான் கோணல்."

"ஊரா?"

"கெழக்க ரெண்டு நூலு, அதான் கால் இஞ்சு, எறங்கிக் கெடக்கு. ஒருத்தனும் கவனிக்கல. வாய்க்காக் கரையில போயி, ஊருக்கு அடியில தேக்குல ஒரு ஆப்பு வச்சேன். ரெண்டே அடி. 'கிர்'ருன்னு மேல வந்து நின்னுட்டு. அன்னைலேருந்து டம்ளர்ல காப்பி ஒரு பக்கமாச் சாயுறதில்ல, பாத்தீயளா?"

"எங்க வீட்டுக் கதவு இன்னும் மூட மாட்டேங்கே"ன்னாவ டீச்சர்.

"ஒங்க வீடு அடுத்த பஞ்சாயத்து. அங்க எனக்கு அனுமதி கெடையாது."

மூச்சு விட்டுட்டு அடுத்தத ஆரம்பிச்சாரு. "நேத்து மத்தியானம் பூமி ஆடிருக்கணும்."

"ஆடலியே?"

"எப்படி ஆடும்? நான் போட்ட ஸ்டூலு புடிச்சுக்கிட்டு இருக்குல்லா."

"அப்ப பகவதி செய்யல. நீதான் செஞ்சிருக்க. அப்படித்தான மாப்ள?"ன்னு பின்னாலேருந்து சத்தம்.

அண்ணாச்சி திரும்பினாரு. மொகத்துல ஈயாடல.

"என் பேச்சு பேச்சுதான். கையெழுத்து கெடையாது"ன்னாரு சங்கரபாண்டியன்.

நான் ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருந்தா அந்தப் புள்ள படிப்பு தப்பிச்சிருக்கும். பாவி, நானும் சேந்து கேட்டுக்கிட்டுல்லா நின்னேன்.

அண்ணாச்சி அத்தான் பக்கம் போனாரு. அவரு அவ்வளவு மெதுவாப் பேசி நான் கேட்டதே இல்ல. "அத்தான், நான் ஒண்ணுமே செய்யல. அவ மாட்டுன காலு லேசா ஆடுச்சு. நான் போயி ஒண்ண அறுத்தேன், தப்பாப் போச்சு. சரி பண்ணுதேன்னு அடுத்தத அறுத்தேன். ஸ்டூலு மணை மாதிரி ஆயிட்டு. 'மாமா, ஒங்களக் கும்புடுதேன், வெளிய போங்க'ன்னு கதவச் சாத்திட்டா. நாலு காலையும் புதுசாச் செஞ்சு அவளே மாட்டுனா. நான் வாசல்ல உக்காந்து முறுக்கு தின்னேன்."

"இதத்தான் நம்ப முடியல"ன்னாவ டீச்சர்.

"சத்தியமா டீச்சர்!" அண்ணாச்சிக்குக் கண்ணு கலங்கிட்டு. "அத்தான், என்னைய என்ன வேணா சொல்லுங்க. புள்ள கையெழுத்த நிறுத்திராதீய."

சங்கரபாண்டியன் கேன இந்தக் கையிலேருந்து அந்தக் கைக்கு மாத்துனாரு.

"போடுதேன். நேத்து அதுமேல ஏறி நின்னுதான் பல்பு மாட்டுனேன். ஒன் கை பட்டிருந்தா நான் இப்ப ஆஸ்பத்திரியிலல்லா கெடப்பேன்."