சிவப்புக்குச் சிவப்பு விளக்கு

தபால்தலைக் கண்காட்சிக்கு நடுவர் அம்பலவாணர் வருகிறாரென்றால், முதலில் அவருடைய வெளிநாட்டு விளக்குப் பெட்டி வரும். பிறகுதான் அவர் வருவார். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வெளிச்சம் அதில் உண்டு.

மண்டபத்தைக் கூட்டும் செங்கமலமும் அந்த வருஷம் ஒரு சிவப்புத் தபால்தலையைப் போட்டிக்கு வைத்திருந்தாள். நடுவர் அதை நீல வெளிச்சத்தில் பார்த்தார்.

"அசல்னா, ரூபாய் நோட்டுல இருக்கிற மாதிரி தாளுக்குள்ளே நட்சத்திர நீர்க்குறி இருக்கணும். காணோம். இது போலி!" என்று 'போலி' முத்திரையை ஓங்கினார்.

செங்கமலம் தபால்தலையைக் கையால் மூடினாள். "முதல்ல என் கையில குத்துங்க. இல்லாட்டி சிவப்பு விளக்கைப் போட்டுப் பாருங்க."

"உனக்கென்னம்மா தெரியும்? சிவப்பு வெளிச்சத்துல சிவப்பு அச்சே தெரியாதே!"

"அதுக்குத்தான்யா போடச் சொல்றேன். சிவப்புச் சேலையில கொட்டின குங்குமம் தெரியாது. ஆனா கிழிசல் தெரியும்."

கூட்டம் சிரித்தது. நடுவர் வேண்டாவெறுப்பாகச் சிவப்பு விளக்கைப் போட்டார். அச்சு மறைந்தது, நட்சத்திரம் பளிச்சென்று எழுந்து நின்றது.

அவர் அவசரமாகப் பெட்டியை மூடப் போனார். அதற்குள் போன வருஷம் அவரிடம் 'போலி' முத்திரை வாங்கிய பதினேழு பேர் தங்கள் சிவப்புத் தபால்தலைகளோடு எதிரே வந்துவிட்டார்கள்.

"தள்ளாதீங்க, ஒவ்வொருத்தரா வாங்க," என்று செங்கமலம் துடைப்பத்தை நீட்டி வரிசையைச் சரிசெய்தாள். "ஐயா இன்னிக்கு எங்கேயும் போகமாட்டார்."